மின்னியல் மூன்றாம் ஆண்டு: ஆய்வகத்தில் ரெக்கார்டு மட்டும் எழுதுகிறேன், அடுத்து எந்தப் பக்கம் போவது?

விளவங்கோடு மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் குமரி மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் மின் மற்றும் மின்னணுப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் பெற்றேன். கல்விக் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொள்கிறது; புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் கிடைக்கிறது. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார், அம்மா அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) வேலைக்குப் போகிறார். எங்கள் குடும்பத்தில் பொறியியல் படிக்கும் முதல் ஆள் நான்தான்.

எனக்கு அரியர் எதுவும் இல்லை. இருந்தும் மின் இயந்திர ஆய்வகத்துக்குள் நுழைந்தாலே மனம் சுருங்கிவிடுகிறது. எங்கள் குழுவில் ஆண்கள் இணைப்புக் கொடுப்பார்கள், நான் அளவீடுகளைக் குறித்து ரெக்கார்டு எழுதுவேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் முதல் பருவத்திலேயே அந்த வேலை என்னிடம் வந்துவிட்டது. வைவாவில் ஸ்டார்ட்டரின் முனைகளைத் தொட்டுக் காட்டச் சொன்னால், பதில் தெரிந்திருந்தும் கை நடுங்குகிறது. ஒதுக்கீட்டில் வந்தவள் என்று வகுப்பில் சிலர் பேசிக்கொள்வதும் காதில் விழுந்திருக்கிறது.

வீட்டுக்கு வரும் உறவினர்கள், நர்சிங் படித்திருந்தால் இதற்குள் வெளிநாட்டுக்குப் போகும் வழி தெரிந்திருக்கும் என்கிறார்கள். மென்பொருள் நிறுவன வேலைக்குத் தயாராவதா, எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதுவதா, அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. என்னைப் போன்ற நிலையிலிருந்து வந்தவர்கள் எப்படி முடிவெடுத்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

தோவாளை மின்பொறியாளர்

தங்கைக்கு வணக்கம். நான் துணை மின் நிலையம் ஒன்றில் உதவிப் பொறியாளராக இருக்கிறேன். நீ கேட்ட வேலை பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் ரெக்கார்டு பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் உன் தயக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லிப் பெண்ணிடம் ரெக்கார்டைக் கொடுப்பது எங்கள் காலத்திலும் நடந்தது. எழுதுகிறவளுக்கு மதிப்பெண் குறையாது என்பதால் அதில் ஓர் இழப்பு இருப்பதே தெரியாது. ஆனால் படிப்பு முடியும்போது இணைப்புக் கொடுத்தவர்களுக்குக் கை பழகியிருக்கும், நமக்குப் பேனா மட்டுமே பழகியிருக்கும். அதன்பின் கை நடுங்கினால் அது உன் இயல்பில் உள்ள குறை என்று நீயே நம்பத் தொடங்கிவிடுவாய்.

அடுத்த ஆய்வக வகுப்புக்கு முந்தைய இரவு, செய்யப்போகும் சோதனையின் சுற்றுப்படத்தைப் பார்க்காமல் வரையும் அளவுக்குப் பழகிக்கொள். டி.சி. ஷண்ட் மோட்டாராக இருந்தால், தொடக்கத்தில் ஃபீல்டு ரியோஸ்டாட் (காந்தப் புலச் சுருளின் மின்னோட்டத்தை மாற்றும் தடை) ஏன் குறைந்தபட்ச நிலையில் இருக்க வேண்டும், ஓடும்போது ஃபீல்டு சுற்று அறுந்தால் வேகம் ஏன் கட்டுக்கடங்காமல் ஏறும் என்பதை உன் சொந்தச் சொற்களில் எழுதிப் பார். மறுநாள் குழுவிடம், "இன்றைக்கு இணைப்பை நான் கொடுக்கிறேன், ரெக்கார்டை நீங்கள் ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல். சப்ளை கொடுப்பதற்கு முன் இணைப்பைச் சரிபார்க்க ஆசிரியரோ ஆய்வக உதவியாளரோ இருப்பார். பிழை செய்து திருத்திக்கொள்வதற்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் வாழ்க்கையில் இனி உனக்குக் கிடைக்காது.

நான் பணியில் சேர்ந்தபோது என்னுடன் வேலை செய்த லைன்மேன்களும் ஃபோர்மேனும் என் அப்பா வயதுடையவர்கள். அவர்கள் முன் எனக்குத் துணையாக நின்றது வேலையின் ஒழுங்குமுறைதான். ஒரு ஃபீடரில் (துணை மின் நிலையத்திலிருந்து போகும் மின்பாதையில்) பழுது பார்க்க வேண்டுமென்றால் எல்.சி. என்ற மின்தடை அனுமதியை வாங்க வேண்டும், மின்பாதையைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து அது திறந்திருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும், மின்சாரம் இல்லை என்பதைச் சோதிக்க வேண்டும், கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போட வேண்டும், அதன் பிறகே ஆள் கம்பத்தில் ஏறலாம். இந்த வரிசையில் ஒன்று விடுபட்டாலும் ஏறக்கூடாது என்று நான் சொன்னபோது, என் குரலின் மென்மையை யாரும் பொருட்படுத்தவில்லை. சொன்னது சரியாக இருந்தது என்பதைத்தான் பார்த்தார்கள். ஒரு மனிதரின் உயிர் நம் கையெழுத்தை நம்பி இருக்கும் இடத்தில், துணிச்சல் இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கவே நேரம் இருப்பதில்லை. தெரிந்ததைச் சரியாகச் செய்வது ஒன்றுதான் அங்கே வழி.

திசையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். வேலையின் பெயரை வைத்து முடிவெடுக்காதே. அந்த வேலையில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதைப் பார்த்து முடிவெடு. நம் ஊரைச் சுற்றி அதற்கு வாய்ப்பு நிறைய இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கும் முப்பந்தலுக்கும் போனால், நீ பாடத்தில் படித்த இண்டக்‌ஷன் இயந்திரம் பழைய காற்றாலைகளில் ஜெனரேட்டராகச் சுழல்வதையும், அது தன் காந்தப் புலத்துக்காக எடுத்துக்கொள்ளும் ரியாக்டிவ் பவரை ஈடுகட்ட கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பதையும் பார்க்கலாம். கோதையாற்றில் நீர்மின் நிலையம் இருக்கிறது. மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட், சிர்கான், மோனசைட் போன்ற கனிமங்களைக் காந்தப் புலத்தாலும் உயர் மின்னழுத்தத்தாலும் பிரித்தெடுக்கிறார்கள். மின்னியல் படிக்கும் பெண் அதைப் பார்க்காமல் குமரி மாவட்டத்தை விட்டுப் போகக்கூடாது என்பது என் ஆசை. விடுமுறையில் தொழிலகப் பயிற்சிக்குக் கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு விண்ணப்பித்துப் பார்.

குழித்துறை ரயில் பயணி

அக்கா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. நான் மின்னணுவியல் படித்துவிட்டு இப்போது குழித்துறையில் ரயிலேறி, கழக்கூட்டத்தில் இறங்கி, டெக்னோபார்க்கில் மென்பொருள் வேலை செய்கிறேன். படித்த துறையிலேயே வேலை பார்ப்பதுதான் உயர்ந்தது, மென்பொருளுக்குப் போவது தோற்றுப்போனதற்கு அடையாளம் என்ற பேச்சு நம் கல்லூரிகளில் அதிகம். குடும்பத்தில் வருமானம் உடனே தேவைப்படும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பேச்சு பெரிய தீங்கு செய்கிறது. முதல் சம்பளம் வீட்டுக்கு வந்த பிறகு உறவினர்களின் குரல் எவ்வளவு தணிகிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். திருவனந்தபுரம் நமக்கு அண்டை ஊர்தான். டெக்னோபார்க் 1990 முதல் அங்கே இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பது, மகளை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம் பேசும்போது உண்மையான பலம்.

வளாகத் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்கள் அரியர் இல்லாததையும் குறைந்தபட்ச மதிப்பெண்ணையும் முதல் வடிகட்டியாக வைக்கின்றன. அதை நீ ஏற்கெனவே தாண்டிவிட்டாய். அடுத்த தடை பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ் வழியில் படித்தவர்கள் இலக்கணப் பிழை வந்துவிடுமோ என்ற அச்சத்தில் வாயே திறப்பதில்லை. நேர்காணலில் எதிரே இருப்பவர் உன் ப்ராஜெக்ட்டைப் பற்றித்தான் முதலில் கேட்பார். எந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டாய், அதில் உன் பங்கு என்ன, எங்கே தடைப்பட்டது, எப்படிச் சரி செய்தாய் என்பதை எளிய ஆங்கிலத்தில் சில வாக்கியங்களாக எழுதி, தோழி ஒருத்தியிடம் உரக்கச் சொல்லிப் பழகு. அக்கா சொன்ன ரெக்கார்டு விஷயம் இங்கேயும் வருகிறது: குழுவில் அறிக்கை எழுதியதும் பி.பி.டி. தயாரித்ததும் மட்டுமே உன் பங்காக இருந்தால், "இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்" என்ற கேள்விக்கு எந்த மொழியிலும் பதில் இருக்காது.

ஓய்வுபெற்ற பேராசிரியர், நாகர்கோவில்

மக்களே, உன் பதிவைப் படித்தபோது நான் கற்பித்த பல மாணவியரின் முகங்கள் நினைவுக்கு வந்தன. ஒதுக்கீடு பற்றிய பேச்சை முதலில் தீர்த்துவிடுவோம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத இடம் வழங்கும் சட்டம் 2021-இல் வந்தது. அது உன்னைக் கல்லூரியின் வாசல் வரை கொண்டுவந்து விட்டது. அதற்குப் பிறகு நீ எழுதிய ஒவ்வொரு பல்கலைக்கழகத் தேர்வின் விடைத்தாளும் பெயரும் பதிவெண்ணும் மறைக்கப்பட்டு, டம்மி எண்ணோடுதான் திருத்துபவரிடம் சென்றது. நீ எந்தப் பள்ளியிலிருந்து வந்தாய் என்பதும், ஆணா பெண்ணா என்பதும் அவருக்குத் தெரியாது. அரியர் இல்லாமல் மூன்றாம் ஆண்டுக்கு வந்திருக்கிறாய் என்றால் அது முழுக்க உன் உழைப்பு.

உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-இல் எழுதிய கட்டுரையில், ஒரு வேலையைத் தன்னால் செய்ய முடியும் என்ற உணர்வு எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராய்ந்தார். நாமே செய்து முடித்த அனுபவம், நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், நம் உடலும் மனமும் இருக்கும் நிலை ஆகிய நான்கைச் சொல்லி, அவற்றில் முதலாவதே மிக வலுவானது என்றார். தோவாளை மின்பொறியாளர் தம் அனுபவத்திலிருந்து சொன்னதும் இதுவே. கல்லூரிகளில் ஊக்கப் பேச்சாளர்களை அழைத்து நடத்தும் கூட்டங்கள் மூன்றாவதை மட்டுமே தருகின்றன. ஆய்வகத்தை மாலையில் இன்னும் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் அதைவிடப் பயன் கிடைக்கும் என்று பணியில் இருந்த காலமெல்லாம் வாதாடினேன்.

முதலாண்டில் பொறியியல் வரைபடத்தில் திணறும் மாணவியர் பலர், தமக்கு இந்தப் படிப்பே ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சார்பி என்ற பேராசிரியர், முப்பரிமாணப் பொருளை மனத்தில் திருப்பிப் பார்க்கும் திறனில் பின்தங்கியிருந்த முதலாண்டு மாணவர்களுக்கு 1990களில் தனி வகுப்பு நடத்தினார். அந்தத் திறன் பயிற்சியால் வளர்ந்தது. அந்த வகுப்பில் சேர்ந்த பெண்கள் படிப்பைத் தொடர்வதும் கூடியது. உன் தங்கைமார் யாராவது வரைபடத்தாளின் முன் கண்கலங்கி உட்கார்ந்திருந்தால் இதை அவர்களிடம் சொல்.

முன்னோடிகளைப் பற்றியும் ஒரு சொல். அ. லலிதா பதினெட்டு வயதில், கைக்குழந்தையோடு கணவரை இழந்தார். அதற்குப் பிறகு கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து 1943-இல் மின்பொறியியல் பட்டம் பெற்றார். அதே காலத்தில் அங்கே சிவில் படித்த பி.கே. திரேசியா, 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். நமக்கு மிக அருகில் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்து 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் அவர். நம் மேலகாட்டுவிளையைச் சேர்ந்த இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் டிப்ளமோவில் தொடங்கி, வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்புப் படித்தவர். இவர்களைப் போல் ஆக வேண்டும் என்று சொல்லி உன் தலையில் சுமையை ஏற்றவில்லை. நம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்தும் ஊர்களிலிருந்தும் அங்கே போகும் பாதை இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

சிவில் இறுதியாண்டு, குளச்சல்

பேராசிரியரின் மீதுள்ள மதிப்போடு ஒன்று சொல்ல வேண்டும். இந்த உரையாடலில் எல்லோரும் அந்தத் தோழி என்ன செய்ய வேண்டும் என்பதையே பேசுகிறோம். என் கல்லூரியில் பெண்கள் விடுதியின் கதவு மாலை ஆறரை மணிக்கு மூடப்படும்; நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். சர்வே முகாமுக்குப் பெண்களை இரவு தங்க வைக்க ஏற்பாடில்லை என்று சொல்லி, எங்களுக்கு மட்டும் வளாகத்துக்குள்ளேயே சங்கிலி பிடிக்கவும் லெவல் எடுக்கவும் சொன்னார்கள். ஆண்கள் மலைச்சரிவில் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியை வைத்துக் காண்டூர் (சம உயரக் கோடுகள்) வரைந்துகொண்டு திரும்பினார்கள். பிறகு நேர்காணலில் களப்பணி அனுபவம் உண்டா என்று கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. வாய்ப்பைப் பூட்டி வைத்துவிட்டுத் தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. நான் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற பேராசிரியர், நாகர்கோவில்

உன் கோபம் நியாயமானது, அதை நான் மறுக்கப்போவதில்லை. அதைக் கொண்டுபோய் வைப்பதற்கு ஓர் இடமும் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக விதிமுறைப்படி ஒவ்வொரு பருவத்திலும் வகுப்புக் குழுக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். அதில் மாணவப் பிரதிநிதிகள் இருப்பார்கள், நடந்தவை குறிப்பேட்டில் பதிவாகும். வாய்மொழியாகச் சொன்னால் காற்றோடு போகும் ஒரு குறை, அந்தக் குறிப்பில் ஏறிவிட்டால் துறைத் தலைவரும் முதல்வரும் பதில் எழுதியாக வேண்டும். ஆய்வகக் குழுவில் பணிகள் வாரந்தோறும் சுழல வேண்டும், களமுகாமில் பெண்களுக்கும் அதே பயிற்சி வேண்டும், விடுதி நேரம் நூலக நேரத்தோடு பொருந்த வேண்டும் என்று மூன்று வாக்கியங்களில் எழுதிப் பலர் கையெழுத்திட்டுக் கொடுங்கள். ஒருத்தி தனியாகக் கேட்டால் அடம் என்பார்கள். வகுப்பே கேட்டால் அது கோரிக்கை.

ஒரு தந்தை, திங்கள்சந்தை

என் மகள் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுடைய திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆலைகளில் இரவுப் பணி இருக்கும், ஊர் பேர் தெரியாத இடத்தில் தங்க வேண்டியிருக்கும் என்று நினைக்கும்போது உறக்கம் வருவதில்லை. கல்யாணப் பேச்சு வரும்போது மாப்பிள்ளை வீட்டார் வேலையை விடச் சொன்னால் என்ன செய்வது என்ற கவலையும் இருக்கிறது. அவளைத் தடுக்க எனக்கு மனமில்லை. எதையெல்லாம் விசாரித்துவிட்டு அனுப்ப வேண்டும் என்பதை, அந்த வழியில் சென்றவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தோவாளை மின்பொறியாளர்

ஐயா, உங்களைப் போல் வெளிப்படையாகக் கேட்கும் அப்பா கிடைத்ததே உங்கள் மகளுக்குப் பாதி பலம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், இரவு ஏழு மணி முதல் காலை ஆறு மணி வரை பெண்கள் தொழிற்சாலையில் பணிபுரிவதைத் தடுத்தது. அந்தத் தடை பெண்ணின் வேலை வாய்ப்பைப் பறிக்கிறது என்று சொல்லி, 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. அதே நேரத்தில் போக்குவரத்து, பாதுகாப்பு, தனி ஓய்வறை போன்ற நிபந்தனைகளையும் விதித்தது. ஆகவே வேலைக்கு அழைக்கும் நிறுவனத்திடம் இரவுப் பணிக்கு வீட்டு வாசல் வரை வண்டி உண்டா, அந்தப் பணி முறையில் வேறு பெண்கள் இருக்கிறார்களா, விடுதி யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று கேட்பது உங்கள் உரிமை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில், மூத்த பெண் அலுவலர் ஒருவரின் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும் என்பதை மகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

கல்யாணத்தைப் பற்றி நான் என் கருத்தாகவே சொல்கிறேன். வேலையைத் தொடர்வேன் என்பதைப் பெண் பார்க்க வரும் முதல் நாளிலேயே அப்பா சொல்லிவிட வேண்டும். நிச்சயம் முடிந்த பிறகு மகள் சொன்னால் அது பிடிவாதமாகத் தெரியும். அப்பா முதலிலேயே சொன்னால் அது குடும்பத்தின் நிலைப்பாடு. நகைக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடும் நம் ஊரில், நான்காண்டுப் படிப்பும் அந்தக் கணக்கில் பெரிய தொகைதான் என்பதை நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

விளவங்கோடு மாணவி

எல்லோருக்கும் நன்றி. சென்ற ஆய்வக வகுப்பில் மின்மாற்றியின் திறந்த சுற்றுச் சோதனைக்கும் குறுக்குச் சுற்றுச் சோதனைக்கும் நானே இணைப்புக் கொடுத்தேன். வாட்மீட்டரின் மின்னழுத்தச் சுருளை முதலில் மாற்றி இணைத்துவிட்டேன். ஆசிரியர் காட்டினார், திருத்திக்கொண்டேன். குழுவில் ஒருவர் முகம் சுளித்தார், மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ரெக்கார்டு இனி முறை வைத்து எழுதுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

அரசுப் பணியா, கேட் தேர்வா என்ற கேள்வி மட்டும் இன்னும் தெளியவில்லை. இரண்டுக்கும் சேர்த்துப் படிக்க முடியுமா? அதோடு வளாகத் தேர்வையும் விடாமல் இருக்க முடியுமா?

ஓய்வுபெற்ற பேராசிரியர், நாகர்கோவில்

முடியும், ஏனென்றால் அடித்தளம் ஒன்றுதான். கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம்; மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்; பெண்களுக்குக் கட்டணம் பாதி. பவர்கிரிட், அணுமின் கழகம் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் அந்த மதிப்பெண்ணைக் கொண்டு ஆட்களை எடுத்திருக்கின்றன, எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. டி.என்.பி.எஸ்.சி. தொழில்நுட்பப் பணித் தேர்விலும் துறைப் பாடம் இதே மின்சுற்று, மின் இயந்திரம், மின் அமைப்புதான். கூடவே கட்டாயத் தமிழ்த் தாள் உண்டு, அது தமிழ் வழியில் படித்த உனக்குச் சுமையாக இராது. இந்த ஆண்டு மின் இயந்திரத்தையும் மின் அமைப்பையும் கேட் தரத்தில் ஆழமாகப் படி. வளாகத் தேர்வில் வேலை கிடைத்தால் ஏற்றுக்கொள். குழித்துறைத் தங்கை சொன்னதுபோல் வீட்டில் வருமானம் வருவது உன் படிப்புக்கும் அமைதி தரும். கிடைக்காவிட்டால், பட்டம் பெற்றதும் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சிக்கு அரசு நிறுவனங்களில் விண்ணப்பிக்கலாம். உதவித்தொகையோடு களத்தைப் பார்க்கும் வழி அது.

முதலாண்டில் இருக்கும் மாணவியர் யாராவது இதைப் படித்தால், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் (ஏ.ஐ.சி.டி.இ.) வழங்கும் பிரகதி உதவித்தொகையைத் தவறவிட வேண்டாம்: குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை.

தோவாளை மின்பொறியாளர்

வாட்மீட்டரைத் திருத்திய கதையை நேர்காணலில் அப்படியே சொல், தங்கை. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடும்போது, முப்பந்தல் பக்கத்துப் பழைய காற்றாலைகளின் பவர் ஃபேக்டரை (திறன் காரணியை) எடுத்துக்கொள்ளலாமா என்று உன் வழிகாட்டியிடம் கேட்டுப் பார். தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் மாதங்களில் அளவீடு எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், அனுமதிக் கடிதத்தை அதற்கு முன்பே கல்லூரியில் வாங்கி வைத்துக்கொள். கடிதத்தில் குழுவினர் பெயர்களை எழுதும்போது களத்துக்குப் போகிறவர்கள் பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடு.